டீச்சரின் சுண்டுவிரல்

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான மறுவருஷம், ஜூன் மழையில், கரமனைக்கு அருகே பிரம்பும் பரீட்சையும் இல்லாத ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்கு மூத்தவர் ஒரு டீச்சர். உயரமானவர், கதர்ப் புடவைக் கரையில் எப்போதும் சேறு. வருஷத் தொடக்கத்தில் ஒவ்வொரு குழந்தையிடமும், "உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டு, பதிலை ஆஜர் புத்தகத்தில் பெயருக்கு எதிரே எழுதிக்கொள்வார்.

ஒரு சிறுமி மட்டும் வாய் திறக்கவில்லை.

"ஒண்ணும் மிண்டமாட்டா டீச்சர். பழைய ஸ்கூல்ல அதுக்குத்தான் அடி வாங்கினா. இங்கயும் பேசலேன்னா வீட்டோட நிறுத்திருவேன்," என்றார் அவளைச் சேர்க்க வந்திருந்த அப்பா.

டீச்சர் அவள் பெயருக்கு எதிரே இடம் விட்டார். தினமும் அதே கேள்வியைக் கேட்டுக் காத்திருந்தார்.

ஆறாம் நாள் அவள் மெல்லக் கேட்டாள்: "உங்க சுண்டுவிரல் ஏன் வளைஞ்சிருக்கு?"

"சின்ன வயசுல பேசாம இருந்ததுக்கு எங்க வாத்தியார் அடிச்சார்," என்றார் டீச்சர்.

சிறுமி அவர் அருகே நகர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் அன்று முழுதும் வாய் மூடவில்லை. சாயங்காலம் கூட்டிப்போக வந்த அப்பா, உள்ளே வராமல் வாசலில் நின்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனபின், விரலைப் பற்றி வருத்தத்தோடு விசாரித்தேன். டீச்சர் சிரித்தார்.

"அது கிணத்துக் கப்பியில மாட்டினது, சாரே."

எங்கள் இருவரில் யாரிடம் உண்மையைச் சொன்னார் என்பது எனக்கு இன்றும் தெரியாது.