ராத்தாவின் மண் பரல்

போன வெள்ளிக்கிழமை மச்சான் வீட்டு வாசலில் ஒரு நீலப் பரல், பெரிய பிளாஸ்டிக் பீப்பாய், குப்பை வண்டிக்காகக் காத்துக் கிடந்தது. மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின் கணவர். குனிந்து பரலை மணந்து பார்த்தேன். நனைந்த கரியின் மணம். குப்பையை மணக்கிற பொம்பிளையைக் கல்முனை ஊரே என்ன நினைக்குமோ என்று உடனே நிமிர்ந்தும் விட்டேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். அதனால் பெண் பார்க்க வருகிறவர்கள் கூரையையும் பார்ப்பார்கள், கிணற்றையும் பார்ப்பார்கள். எங்கள் கிணற்றில் இரும்பு. அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றினால் மையாகக் கறுத்துவிடும். ராத்தாவை முதலில் பார்க்க வந்தவர்கள் கோப்பையைத் தொடாமலே எழும்பிப் போனார்கள். ராத்தா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே அழுதாள்.

அடுத்தவர்கள் வருமுன், தண்ணீர் வடிகட்ட வாப்பா ஒரு பரல் வாங்கினார். அடியில் சல்லிக்கல், அதன்மேல் சிரட்டைக்கரி, மேலே ஆற்றுமண். கீழே ஒரு பைப். மண் கழுவுவது ராத்தாவும் நானும். இரண்டு வாளியோடு முதுகு வலிக்கிறதென்று நான் நழுவிவிட்டேன். பதின்மூன்று வயதில் என்ன முதுகுவலியோ, நீங்களே சிரிப்பீர்கள்.

இந்த முறை தேத்தண்ணி சிவந்தே நின்றது. மாப்பிள்ளையின் உம்மா இரண்டு மிடறு குடித்துவிட்டு, "நல்ல தண்ணியா இரிக்கி" என்றார். வாப்பா தலையை மட்டும் ஆட்டினார். பரல் அடுப்பெரியும் குசினிக்குப் பின்னால் சாக்கு மூடிக் கிடந்தது.

அன்றிலிருந்து அந்தப் பொய்யைச் சுமந்தது ராத்தாதான். கலியாணம் முடிந்ததும் பின்வளவில் சின்ன வீடொன்று கட்டி நாங்கள் ஒதுங்கிக்கொண்டோம். சுபஹுத் தொழுகைக்கு முன்னமே எனக்கு வாளிச் சத்தம் கேட்கும். மச்சான் எழும்புமுன் மேல்மண்ணில் படிந்த காவிச் சகதியை வழித்துக் கழுவி, பரலை நிரப்பி மூடிவிடுவாள். மாரி மழையிலும் செய்தாள், வயிற்றில் பிள்ளையோடும் செய்தாள்.

"மச்சானுக்கிட்டச் சொன்னா என்ன ராத்தா?"

"சொன்னா, வாப்பா ஏமாத்திப் போட்டார் எண்டு மாமி கதைப்பா. நீ சும்மா இரி."

வாப்பா மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் அவள் விடவில்லை. போன வருடம் ராத்தாவும் போய்விட்டாள். அதன் பிறகுதான் அந்த ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது.

வாசலுக்கு வந்த மச்சானிடம், "இத ஏன் எறியிறீங்க?" என்று கேட்டேன்.

"பாத்துக்கிட்டு இரிக்க ஏலா மச்சி." பரலின் விளிம்பைத் தடவினார். "கலியாணம் முடிச்சு ரெண்டாம் நாளே எனக்குத் தெரியும். கிணத்துல வாளியில மொண்டு குடிச்சன். ஒரே இரும்பு."

"பின்ன ஏன் அவக்கிட்டச் சொல்லல்ல?"

"சொன்னா அவ வெக்கப்படுவா எண்டுதான்."

எனக்குக் கோபம் வந்தது. நல்ல மனிதர், அதனால் இன்னும் கூடக் கோபம் வந்தது. அதற்குள் வண்டி வந்து, ஒருவன் பரலைத் தூக்கி அதில் போட்டுக்கொண்டு போனான். மச்சான் உள்ளே போய்விட்டார்.

பத்தொன்பது வருடம். "எனக்குத் தெரியும்" என்று அந்த மனிதர் ஒரு நாள் சொல்லியிருந்தால், என் ராத்தா பாங்கு சொல்லும்வரையாவது உறங்கியிருப்பாள்.