ஒரு நாள் சப்பாத்துக்கு இரண்டு அளவு கூட

துஷாந்தினியின் கைக்கு அளவு பிசகாது. மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில், உடுப்பு வெளுக்கிற ஒரு லோன்றிக் கடையின் பின்னறையில் இருந்து உடுப்புத் திருத்தித் தைக்கிறாள், பதினாறு வருசமாயிற்று. கலியாணக் கோட்டோ வேலைக்குப் போகிற களிசானோ, கொண்டுவந்தவரை ஒருதரம் நிற்கவைத்துப் பார்த்தாலே எங்கே எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள். அவள் தைத்துக் கொடுத்ததை ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

ஆனால் தன் ஒரே மகள் கஜந்தினி என்று வந்துவிட்டால் அந்தக் கைக்கும் கண்ணுக்கும் என்னதான் ஆகிவிடுமோ! பள்ளிக்கூடக் களிசானின் கரையில் நாலு விரல் மடிப்பு. குளிர் ஜக்கெற்றின் கைக்குள் பிள்ளையின் விரல்நுனியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சப்பாத்து என்றால் இரண்டு அளவு கூட, முன்னுக்குப் பஞ்சு. யாராவது கேட்டால், "வளருற பிள்ளையெல்லோ" என்பாள். பிள்ளைக்குப் பதின்மூன்று முடிந்து, வளர்த்தியும் போன வருசத்தோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. அதை யார் அவளுக்குச் சொல்வது?

போன கோடையில்தான் மொன்ட்ரியால்-நோரில் இருந்து, வேலைக்குக் கிட்டவென்று லாசாலுக்கே வீடு மாறினார்கள். புதுப் பள்ளிக்கூடத்தில் கஜந்தினிக்குக் கார்த்திகை மாதம் வரை ஒரு சிநேகிதி இல்லை. பிறகு ஒருபடியாய் இரண்டு பேர் கிடைத்தார்கள். அவர்கள் பனிமலையில் பலகையில் நின்று வழுக்குகிற ஸ்நோபோர்ட் குழுவில் சேர, இவளும் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் மலைக்குப் போக வேண்டும். பலகையும் சப்பாத்தும் வாடகைக்கு. காலையில் எடுத்துப் பின்னேரம் கொடுத்துவிடுவது. உயரம், நிறை, கால் அளவு கேட்டு ஒரு படிவம் வந்தது. துஷாந்தினி அதைத் தன் கையாலேயே நிரப்பி அனுப்பினாள்.

முதல் சனிக்கிழமை பிள்ளை அழுது கண் வீங்கித்தான் வீட்டுக்கு வந்தாள். குதிகால் இரண்டும் உரஞ்சித் தோல் போயிருந்தது.

"எல்லாரும் பலகையில வளைஞ்சு திரும்பீனம், நான் மட்டும் திரும்பேலாமல் விழுறன். அவையளுக்கு எனக்காகக் கீழ நிண்டு நிண்டு அலுத்துப் போச்சு. என்ர கால் சரியில்லை அம்மா. இனி நான் போகமாட்டன்."

திங்களும் செவ்வாயும் அவள் மதியச் சாப்பாட்டைத் தனியே இருந்துதான் சாப்பிட்டாளாம். வெட்கத்தில் அந்த இரண்டு பேருக்குப் பக்கத்திலேயே போகவில்லை. எத்தனை மாதம் காத்திருந்து கிடைத்த சிநேகிதம்!

புதன்கிழமை வேலையில் இதைச் சொல்லிப் புலம்பினாள். பக்கத்தில் உடுப்பு மினுக்குகிற சிசிலி, இரண்டு பெடியளைப் பனிமலைக்கு அனுப்பிப் பழகியவள்.

"படிவத்தில என்ன அளவு எழுதினனீர்?"

"கால் ஆறு. எட்டெண்டு எழுதினனான். நிறையிலயும் ஒரு பத்துக் கிலோ கூட்டித்தான் போட்டனான். வளருற பிள்ளையெல்லோ, அக்கா."

சிசிலி இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்தாள். "மாதாவே! பின்னேரம் திருப்பிக் குடுக்கிற சப்பாத்துக்குள்ள பிள்ளை எவ்வளவு வளரும், துஷா?"

சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துஷாந்தினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. நாலு நாளாய் அந்தப் பிள்ளை தன் காலையல்லவா திட்டிக்கொண்டு திரிகிறது! ஊருக்கெல்லாம் அளவு பார்க்கிறவள் பெற்ற பிள்ளைக்குச் செய்த வேலையைப் பார்.

அன்றைக்குப் பின்னேரம் சோற்றுக் கோப்பையை மகளின் முன் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"பிழை உன்ர காலில இல்லை, பிள்ளை. நான்தான் அளவைக் கூட்டி எழுதினனான்."

கஜந்தினி கரண்டியை வைத்தாள். "வாடகைச் சப்பாத்துக்குமா, அம்மா?"

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துஷாந்தினி அடுப்படியிலேயே நின்றாள். கோபிக்கட்டும், கத்தட்டும், அதற்கெல்லாம் தயார்தான். போகமாட்டேன் என்று பிடிவாதமாய் இருந்துவிட்டால்?

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

"அப்ப உண்மையா என்ர பிழை இல்லையா?"

"சத்தியமா இல்லை. நாளைக்கே கடைக்குப் போய்ச் சரியா அளப்பம், வா."

வாடகைக் கடைக்காரப் பெண் முதலில் கஜந்தினியின் மூன்று சோடிக் காலுறையையும் கழற்றச் சொல்லி, மெல்லியதாய் ஒன்றை மட்டும் போடவைத்தாள். பிறகு ஆறாம் அளவுச் சப்பாத்து. எழுந்து நின்றதும் பெருவிரல் முன்னுக்கு மெல்ல முட்டியது.

"முட்டுதே! ஒரு அளவு கூட..." என்று தொடங்கிய துஷாந்தினி, மகள் பார்த்த பார்வையில் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேரே நிற்கும்போது முட்டத்தான் வேணும் மதாம்," என்றாள் அந்தப் பெண் பிரெஞ்சில். பிறகு கஜந்தினியிடம், "இப்ப முழங்காலை மடி. விரல் பின்னுக்கு வந்ததா? குதிகால் எழும்புதா?"

"எழும்பேல்ல! ஒட்டினபடி நிக்குது அம்மா!"

பலகைக்கு நிறை கேட்டார்கள். "ஐம்ப..." என்று வாய் வரை வந்ததை விழுங்கி, "நாற்பத்து நாலு" என்றாள் துஷாந்தினி. உள்ளே இருந்து ஒரு பலகை வந்தது. நிமிர்த்திப் பிடிக்க, பிள்ளையின் நாடிக்கும் மூக்குக்கும் இடையில் நின்றது. போன தரம் கொடுத்தது நெற்றிக்கு மேலே போனதாம். பழகத் தொடங்குகிறவருக்குக் கொஞ்சம் கட்டையான, இளகின பலகைதான் சொன்னபடி திரும்பும் என்றாள் அந்தப் பெண். பலகையைப் பார்க்கப் பார்க்கத் துஷாந்தினிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் பஸ் வந்து நின்றது. யார் யாரோ இறங்கினார்கள். தன் பிள்ளையைக் காணாமல் துஷாந்தினி எட்டி எட்டிப் பார்த்தாள். கடைசியில் மூன்று பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு இறங்கினார்கள், நடுவில் கஜந்தினி. தலைமயிர் எல்லாம் பனி, கன்னத்தில் ஒரு கீறல், வாய் ஓயாத பிரெஞ்சு. தாயைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"அம்மா, பதினொரு தரம் விழுந்தனான்!"

"ஐயோ, பதினொண்டோ?"

"ஓம்! அவையளும் விழுந்தவை. பன்னிரண்டாம் தரம் மூண்டு பேருமா விழாமல் மலையடி வரைக்கும் வந்தனாங்கள்!"