திருப்புளியின் மறுமுனை

தெருவில் அவளுக்கு டெலிபோனம்மா என்று பேர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தாழ்ந்த குரல்தான், ஆனால் ஒரு எழுத்துகூடக் கீழே சிந்தாது. "லைன்லயே இருங்க" என்று அவள் சொல்லிவிட்டால், சண்டை போடவென்றே கூப்பிட்டவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். ஒரு ஆலையில் லேத்தில் இரும்பு கடையும் டர்னர் ஒருவர், அந்தக் குரலைக் கேட்பதற்காகவே, தனக்கு யாருமே இல்லாத ஊர்களுக்கெல்லாம் கால் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

அப்படிப்பட்ட குரலுக்கு வந்த கதியைப் பாருங்கள். டர்னருக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் சீழ் வடியும். வயது ஏற ஏற இரண்டு செவிப்பறையும் போய்விட்டன. டாக்டர் கொடுத்த காது மிஷினை இரண்டொரு நாள் மாட்டிப் பார்த்தார். "மனுஷக் குரலாவா வருது, தகரத்தை உருட்டுற மாதிரி இருக்கு" என்று அலமாரிக்குள் போட்டவர் திரும்ப எடுக்கவேயில்லை. அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு என்றால் கத்தல்தான். வெந்நீர் தயார் என்று அவருக்குச் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர், "சார் குளிச்சிட்டாரா, தண்ணி ஆறிடப் போகுது" என்று கேட்டே விட்டார். அவளுக்கு மானம் போனது. கத்துவதை அன்றோடு விட்டாள்.

தேவையான விஷயங்களுக்குக் கை ஜாடை போதும். ஆனால் புருஷன் பெண்டாட்டி பேசுவதில் முக்கால்வாசி தேவையில்லாத பேச்சுதானே. குழாயில் தண்ணீர் சொட்டுவது, பஸ்ஸில் பார்த்த பழைய சிநேகிதி, காரணமே இல்லாமல் வந்த சிரிப்பு, இதற்கெல்லாம் என்ன ஜாடை காட்டுவது? பிள்ளை குட்டி இல்லாத வீடு. சில நாட்களில் தன் குரலையே மறந்துவிடுவோமோ என்று பயந்து, சமையலறையில் நின்று தனக்குத்தானே பேசிப் பார்த்துக்கொள்வாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு லேத்தைக் கொண்டுவந்து இறக்கினார். கார் என்ற ஒன்று நிற்கவே நிற்காத கார் ஷெட்டில் அதற்கு இடம். துரு தின்றது போக மீதி இருந்த மிஷின் அது. காலையில் மண்ணெண்ணெயும் எமரி பேப்பருமாக உள்ளே போனால், சாப்பிடத்தான் வெளியே வருவார். பல் உடைந்த கியரை மாற்றினார். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் 'சக்' இறுகிப்போயிருந்தது, அதை நாள்கணக்காக எண்ணெயில் ஊறப்போட்டுக் கழற்றினார். அவள் சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பாள். கட்டிக்கொண்டவளுக்கு இல்லாத கரிசனம் இந்தக் கட்டை இரும்புக்கு எங்கிருந்து வந்தது என்று வயிறு எரியும். சக்களத்தி என்று மனதுக்குள் அதற்குப் பேரும் வைத்துவிட்டாள்.

வெளியூரில் அவளுடைய அக்கா தனியாக இருந்தாள். "அங்க சுவத்தோட பேசுறதுக்கு இங்க வந்து என்னோட பேசேன்டி. கடைசிவரைக்கும் சேந்து இருந்துக்கலாம்" என்று அழைத்துக்கொண்டே இருந்தாள். இவளும் கடைசியில் சரி என்று சொல்லிவிட்டாள். பெட்டி கட்டியாகிவிட்டது. காலையில் ரயில். எந்த ஸ்டேஷனில் வந்து நிற்க வேண்டும் என்று கேட்க, சாயங்காலம் அக்கா ஃபோன் செய்வாள். அதற்குள் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

எப்படிச் சொல்வது? 'உங்களை விட்டுட்டுப் போறேன்' என்பதைக் கத்தினால் எதிர்வீட்டுக்காரர் பெட்டி தூக்கவே வந்துவிடுவார். அதற்கு ஜாடையும் கிடையாது. இத்தனை காலம் கூடவே வாழ்ந்த மனுஷனிடம் சீட்டு எழுதி நீட்டவும் மனசு வரவில்லை. பகலெல்லாம் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடந்தாள். வெயில் தாழ்ந்த பிறகுதான் வாசலைத் தாண்டி உள்ளே போனாள்.

லேத் ஓடிக்கொண்டிருந்தது. மரப்பிடி போட்ட நீளத் திருப்புளி ஒன்றின் முனையை மிஷின் தலையில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் குனிந்திருந்தார் அவர். காது குடைய இவ்வளவு பெரிய குச்சியா என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அந்த முகத்தைப் பார்த்தாள். எதையோ கேட்கிற முகம். அந்த முகத்தை அவள் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

நிழல் விழுந்ததும் அவர் கண்ணைத் திறந்து, வழக்கம்போல ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"பேரிங் நல்லா பேசுதுடி. காதுல இல்ல, எலும்புல. முனைய மிஷின்ல வச்சிப் பிடிய இங்க அழுத்துனா, உள்ள ஓடுறது அப்படியே கேக்குது. ஆலையில எல்லாரும் இப்படித்தான் பாப்போம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரிங்குக்குத் தோன்றியது பெண்டாட்டிக்குத் தோன்றவில்லை பாருங்கள். தொழிலில் பழகிய கை, திருப்புளியை மிஷினைத் தவிர வேறெதிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கவேயில்லை.

எட்டி ஸ்விட்சை அணைத்தாள். லேத் சுற்றி ஓய்ந்தது. திருப்புளியின் முனையைப் பிடித்து இழுத்து, எண்ணெயைத் துடைத்துவிட்டு, தன் தாடை எலும்பில் வைத்துக்கொண்டாள். அவர் ஒன்றும் புரியாமல் பிடியை அழுத்தியபடியே நின்றார்.

கத்தவில்லை. எக்ஸ்சேஞ்சில் பேசுகிற அளவுக்குத்தான் பேசினாள்.

"காலையில நான் அக்கா வீட்டுக்குப் போறேங்க. திரும்பி வர்ற யோசனை இல்ல."

அவர் கையிலிருந்து பிடி நழுவியது. அவசரமாகத் தேடி அதே இடத்தில் மறுபடி அழுத்திக்கொண்டார்.

"எதுக்கு?" அவரும் கத்தவில்லை.

"இங்க பேச ஆளே இல்லங்க. செத்துப்போன மாதிரி இருக்கு."

அவர் தரையைப் பார்த்தார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு மிஷினாவது கேக்கட்டுமேன்னுதான் இத வாங்கினேன்."

இவரும் தனியாகத்தான் கிடந்திருக்கிறார், அதுவும் ஒரே கூரைக்குக் கீழே. அது ஏன் தனக்கு உறைக்கவில்லை என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. அழுவதும் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"நான் கால் கேட்ட காலத்துலயும் இதே குரல்தான்" என்றார். "மறந்தே போச்சு."

வீட்டுக்குள் ஃபோன் அடித்தது. அக்காதான். அவள் சட்டென்று திரும்பியதில் முனை தாடையிலிருந்து விலகியது. ஃபோன் அடிப்பது அவருக்குத் தெரியாது. பேச்சு அறுந்துவிட்டது என்பது மட்டும்தான் தெரிந்தது. வெறும் பிடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"லைன்லயே இரு" என்றார்.

ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் முனையை எடுத்து மறுபடி தாடையில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கேன், சொல்லுங்க" என்றாள்.