இனிப்புப் பசை

என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்று இன்றைக்கும் தடுமாறுவேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அது அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடான வருஷம். இலங்கையில் தெஹியோவிட்டவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒரு காம்பராவில் இருந்தோம். புத்தர் பண்டிகையான வெசாக் லீவில் லயத்துப் பிள்ளைகளை எங்கள் வாசலில் உட்காரவைத்து மூங்கிலில் தாள் ஒட்டி வெளிச்சக் கூடு கட்டவைப்பது அம்மாவின் வழக்கம். நாங்கள் சைவம்தான். ஆனால் ரோட்டோரத்துச் சிங்கள வீடுகளிலெல்லாம் கூடு ஆடும்போது எங்கள் லயம் மட்டும் இருட்டிக் கிடப்பது அவளுக்குப் பிடிக்காது. அந்த வருஷம் வேண்டாம் என்றார் அப்பா. வருகிற பிள்ளைகளுக்குத் தின்ன என்ன கொடுப்பாய் என்று கேட்டார்.

“கிழங்கு இருக்கு. கூப்பிட்டாச்சு,” என்றாள் அம்மா. பேச்சு அத்தோடு முடிந்தது.

மரவள்ளிக்கிழங்கை அவித்துச் சம்பலோடு வைத்தாள். எல்லாரும் கையை விட்டோம். பக்கத்துக் காம்பரா சின்னம்மாவின் மகளும் மகனும் மட்டும் தொடவில்லை. சித்தப்பா மாதக்கணக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த வீட்டு அடுப்பு பாதி நாள் எரிவதில்லை.

“நாங்க சாப்பிட்டுட்டோம் பெரியம்மா,” என்றாள் மகள்.

“என்ன சாப்பிட்டீங்க?”

“சோறு.”

தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு கிழங்கைப் பார்த்தான். “யாரு வீட்லயும் கை நீட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க,” என்று உண்மையைச் சொல்லிவிட்டான்.

அம்மா எழுந்து உள்ளே போனாள்.

எங்கள் தோட்டத்தில் எதை ஒட்டுவதற்கும் ரப்பர் பால்தான். அன்றைக்கும் அப்பா ஒரு சிரட்டை நிறையக் கொண்டுவந்து வைத்திருந்தார். அம்மா அதைத் தூக்கிக் கொல்லைப்பக்கம் வைத்துவிட்டு, மாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றினாள். கித்துள் மரத்துக் கருப்பட்டி ஒரு துண்டை உடைத்துப் போட்டாள்.

“அம்மா, அது ராத்திரி ரொட்டிக்கு வச்ச மாவு,” என்றேன்.

“நீ மூங்கிலைக் கட்டு.”

காய்ச்சிய பசையைச் சட்டியோடு கொண்டுவந்து அந்த இரண்டு பேருக்கும் முன்னால் வைத்தாள். “பதமா இருக்கான்னு நக்கிப் பாருங்க. இனிப்பு குறைஞ்சா தாள் ஒட்டாது.”

தம்பி ஒரு விரலை விட்டான். அப்புறம் நாலு விரலையும் விட்டான். அக்காவும் விட்டாள்.

“பதம் சரியா?”

“இன்னுங் கொஞ்சம் பார்க்கணும் பெரியம்மா.”

“நாங்களும் பதம் பார்க்கிறோம்,” என்றான் ஒருவன்.

“நீ தின்ன கிழங்குக்கு மொதல்ல தாளை வெட்டுடா,” என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்க் குடத்தோடு சின்னம்மா வந்துவிட்டாள். மகனுடைய வாயைப் பார்த்தாள். மகள் கையைப் பின்னால் ஒளித்தாள். 

சின்னம்மா மரத்தில் பால் வெட்டுகிறவள். “ரப்பர் தோட்டத்துல மாப்பசையாக்கா?” என்றாள்.

அம்மா தலையைத் தூக்காமல் தாளை மடித்தாள். “பால்ல ஒட்டினா தாள் மஞ்சளாப் போயிருது தங்கச்சி.”

“போன வருஷம் பால்லதானே ஒட்டினோம், மஞ்சளாகலையே,” என்றேன் நான். அம்மா என் தொடையில் கிள்ளினாள். இன்னும் அந்த வலி ஞாபகம் இருக்கிறது.

சின்னம்மா பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் குடத்தை இறக்கி வைத்தாள், உட்கார்ந்தாள், சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

“தேங்காப்பூ போடலியாக்கா? போட்டாத்தான் நல்லா ஒட்டும்,” என்று சொல்லிவிட்டுத் தன் காம்பராவிலிருந்து அரைமூடித் தேங்காய் கொண்டுவந்து துருவினாள். இரண்டாவது சட்டியும் அடுப்பில் ஏறியது.

இருட்டுவதற்குள் என் கூடு முழுக்க எறும்பு. விளக்கை ஏற்றித் தொங்கவிட்டதும் ஒரு பக்கத்துத் தாள் கழன்று விழுந்தது. ராத்திரிக்கு ரொட்டியும் இல்லை. நான் அழுதுகொண்டே அப்பாவிடம் முறையிட்டேன். அவர் ஆறிப்போன கிழங்கைத் தின்றுகொண்டு, “தூங்குடா,” என்றார்.

ரப்பர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும் இந்த இரண்டு பொம்பளைகளுக்கும் ஒரு தாளை ஒட்டத் தெரியவில்லையே என்று நினைத்தபடி தூங்கிப்போனேன்.

2011 மே 18