சமாதானம் வராத வாரம்

கடந்த ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு காலை, என் அண்ணன் பால்ராஜ் மறைமலைநகரில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மயங்கி விழுந்தார். காருக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினார்கள். உடம்பில் ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, பல வாரங்களாக மலம் தார் போலக் கறுப்பாகப் போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

எண்டோஸ்கோப்பி செய்தார்கள். இரைப்பையில் பெரிய கட்டி, அதன் மேல் புண். ஸ்கேனில் அது ஈரலோடு ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது. கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்துவிட்டு, இரைப்பைப் புற்றுநோய், முற்றிய நிலை என்றார்கள். ஆபரேஷனுக்கு வழியில்லை, வருகிற திங்கட்கிழமையே கீமோ தொடங்கலாம் என்றார்கள்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ரூத். செங்கல்பட்டில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் துறை டாக்டர். உடம்பிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது புற்றா, எந்த வகைப் புற்று என்று சொல்வது எங்கள் வேலை. இரைப்பை, குடல் கட்டிகள்தான் என் ஆராய்ச்சியும். படாளம் பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்ட அம்மா அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பிள்ளைகள். நான் படிக்க வேண்டும் என்று பத்தாவதோடு வேலைக்குப் போனவர் அண்ணன்.

முற்றிய இரைப்பைப் புற்று என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த அறிவே எனக்குத் தண்டனையாக இருந்தது. சோறு பிசைந்தால் வாய்க்குப் போகவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் இறங்கி நடக்கலாம் போலிருந்தது.

சபையார் வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள். கட்டி கரைந்து போகட்டும் என்று கேட்டார்கள். நானும் ஆமென் சொன்னேன். ஆனால் உள்ளே ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. மெழுகுக்குள் இருக்கும் சதை இனி மாறப்போவதில்லை. அதில் என்ன இருக்கிறதோ அது ஏற்கெனவே இருக்கிறது. அப்படியானால் நான் எதைக் கேட்டு ஜெபிப்பது?

அண்ணனுக்கு ரத்தம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணி கஸ்தூரிக்குத் தாய்வீடு மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் என்று அண்ணனை அங்கே அழைத்துப் போனார்கள். நான் அந்தத் தனியார் மருத்துவமனையிலிருந்து சதைச் சீவல் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளையும், மீதிச் சதை பதிந்திருந்த மெழுகுக் கட்டியையும் வாங்கிவந்து எங்கள் துறைத் தலைவர் வசந்தா மேடத்திடம் கொடுத்தேன். இன்னொரு முறை பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"நான் பாக்குறேன். ஆனா நீ இதைத் தொடக் கூடாது" என்றார் மேடம். "சொந்த அண்ணன் ஸ்லைடுல நீ பாக்கணும்னு நெனைக்கிறதுதான் உனக்குத் தெரியும்."

சரியான பேச்சு. ஆனாலும் தாங்க முடியவில்லை. அந்த ஸ்லைடு நான்கு சுவர் தள்ளி இருக்கிறது, என்னால் பார்க்க முடியாது. வேறு யார் யாருடைய ஸ்லைடுகளையோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றைப் பார்த்து முடித்துவிட்டு, பார்த்தது மறந்துபோய் மறுபடியும் அதையே எடுத்தேன். மேடம் அறை வாசலில் எத்தனை முறை போய் நின்றிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டார். "அவங்க சொன்ன மாதிரிதான் இருக்கு ரூத். ஆனா மனசு ஒப்பல. இன்னும் கொஞ்சம் டைம் குடு."

"திங்கட்கிழமை கீமோ மேடம்."

"தள்ளிப் போட முடியுமான்னு பாரு."

அவ்வளவுதான் சொன்னார். காரணம் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அதைக் கொண்டுபோய்க் குப்பத்தில் சொன்னேன். அண்ணி எழுந்து நின்றுவிட்டார்.

"உள்ள அது வளந்துகினு கீது. நீ வந்து தள்ளிப் போடுன்ற. எதுக்கு?"

"மேடத்துக்கு இன்னும் உறுதியாத் தெரியல அண்ணி."

"இன்னா தெரியலியாம்?"

"மனசு ஒப்பலன்னு சொன்னாங்க."

"மனசு ஒப்பலியா? டாக்டரு பேசுற பேச்சா ரூத்து இது? நாளைக்கு இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க மேடம் மனசு வந்து பதில் சொல்லுமா?"

அண்ணி கேட்டது நியாயம். அண்ணன் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பாமலேயே சொன்னார்.

"வுடு கஸ்தூரி. பாப்பா இன்னா சொல்லுதோ அதான். அது சொன்னா போறேன், வாணான்னா வூட்லயே கெடக்குறேன்."

அதைவிட என்னைத் திட்டியிருக்கலாம். முடிவு முழுக்க என் தலையில் வந்து விழுந்தது. பொறுக்கலாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த ஒரு வார்த்தையில் அண்ணனைக் கொன்றுவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

கடலோரமாக நடந்தேன். மணல் காலைச் சுட்டது. படகு நிழலில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முழங்காலில் நிற்கத் தோன்றவில்லை. நிற்காமல் நடந்துகொண்டே வாய்விட்டுச் சொன்னேன். ஆண்டவரே, அது என்னவோ அதன் சரியான பெயர் எங்களுக்குத் தெரிய வேண்டும். தெரிகிறவரை மேடத்தைச் சும்மா விடாதேயும். இதுதான் நான் செய்த ஜெபம். வேறு வார்த்தை வரவில்லை.

ஜெபித்தால் மனதில் சமாதானம் வரும் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு வரவில்லை. திரும்பி நடக்கும்போதும் அதே பயம்தான்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனையில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது, நான் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். பையில் போன் அதிர்ந்தது. மேடம்.

"டிபார்ட்மென்ட்டுக்கு வர முடியுமா?"

போனபோது கட்டடமே காலியாக இருந்தது. மேடம் பட்டுப்புடவையில், தலையில் பூவோடு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"திருப்போரூர்ல அக்கா பேரனுக்குக் காதுகுத்து. பாதியில கெளம்பி வந்துட்டேன்" என்றார். "நேத்து சாயங்காலம் கையெழுத்துப் போட்டு முடிச்சிடலாம்னு பேனாவ எடுத்தேன். எடுக்குறேன், வைக்கிறேன். என்னால முடியல. வீட்டுக்குப் போனா அங்கயும் இருப்புக் கொள்ளல. என்ன இது, இத்தனை வருஷத்துல எனக்கு இப்படி ஆனதில்லயே."

என் கை மயிர் சிலிர்த்தது.

வந்ததுமே மெழுகுக் கட்டியைத் தானே இன்னும் ஆழமாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்திருக்கிறார். கட்டிக்கு மேலிருந்த இரைப்பையின் உள்தோல் கெடாமல் ஒழுங்காக இருந்தது. கட்டி அதற்குக் கீழே, சுவருக்குள்ளிருந்து வந்திருந்தது. ஒரு ஓரத்தில் செல்கள் உருண்டையாக இல்லாமல் நீளநீளமாக ஓடின. முதலில் சீவிய சீவல்களில் அந்த ஓரம் வரவில்லை. அதில் இருந்ததை மட்டும் பார்த்தால் நானும் சாதாரண இரைப்பைப் புற்று என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தத் தனியார் மருத்துவமனைமேல் தப்பில்லை.

"எந்த வகைக் கட்டின்னு காட்டுற விசேஷச் சாயம் போடச் சொல்லியிருக்கேன். புதன்கிழமை தெரிஞ்சிடும். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாய் தெறக்காத" என்றார்.

அந்தப் புதன் வரைக்கும் நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு வித்தியாசம். இப்போது தவிப்பது நான் மட்டுமில்லை என்று தெரிந்திருந்தது.

புதன்கிழமை மேடம் என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். "இப்ப நீ பாக்கலாம்."

குனிந்து பார்த்தேன். கட்டி முழுக்க அந்தச் சாயம் பிடித்துப் பழுப்பாக இருந்தது. ஜிஸ்ட் என்று நாங்கள் சொல்லும் வேறு வகைக் கட்டி அது. இரைப்பைச் சுவருக்குள் பிறப்பது. வழக்கமான கீமோ அதனிடம் அநேகமாக எடுபடாது. ஆனால் அதற்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறது. கண்ணீர் மறைத்ததால் அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

அன்றே குப்பத்துக்குப் போனேன்.

"அப்போ கேன்சர் இல்லியா?" என்று கேட்டார் அண்ணன்.

"கேன்சர்தாண்ணா. ஆனா வேற கேன்சர். இதுக்கு மாத்திரை கீது. கட்டி சுருங்கினா ஆபரேஷனும் பண்ணலாம்."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "மாத்திர சாப்புட்டு போடணுமா, வெறும் வயித்துலயா?"

"சாப்புட்டுதாண்ணா."

"கஸ்தூரி, சோறு போடு."

பல நாட்களாகக் கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த மனிதர். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

மாதங்கள் போகப் போகக் கட்டி சுருங்கி ஈரலைவிட்டு விலகியது. அதன்பிறகு ஆபரேஷன் செய்தார்கள். இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தால் போதுமாக இருந்தது. இன்றும் மாத்திரை போடுகிறார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். கம்பெனியில் பளு தூக்காத வேலை கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேன் நாள் வந்தால் நான் இன்னும் காலையிலிருந்தே போனைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பேன். நோயே இல்லாமல் போயிற்று என்று நான் சாட்சி சொல்லவில்லை. கேட்டது கிடைத்தது என்று சொல்கிறேன்.

அன்பானவர்களே, எனக்குச் சமாதானம் வரவில்லை என்பதால் என் ஜெபம் கேட்கப்படவில்லை என்றே நினைத்தேன். கர்த்தர் எனக்குள் இருந்த தவிப்பை எடுத்துப்போடவில்லை. அதைச் சரியான இடத்தில், சரியான ஒருவரிடம் கொண்டுபோய் வைத்தார். இப்போது மனம் அமைதியாக இல்லாமல் ஜெபித்துக்கொண்டிருக்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நிறுத்திவிடாதீர்கள். நடந்துகொண்டே ஜெபித்தாலும் அவர் கேட்கிறார். உடம்பில் ஏதாவது சரியில்லை என்றால் ஜெபத்தோடு டாக்டரிடமும் போங்கள். இரண்டையும் கொடுத்தவர் அவர்தான்.

நான் முன்பெல்லாம் தட்டில் வரும் ஸ்லைடுகளை எண்ணாகத்தான் பார்ப்பேன். இப்போது காலையில் முதல் ஸ்லைடை வைப்பதற்கு முன் கண்ணை மூடி, இது யாராக இருந்தாலும் சரியானதைப் பார்க்க வையும் என்று கேட்கிறேன். அது உங்கள் வீட்டு ஆளாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் நீங்களும் எங்களுக்காக ஒரு வார்த்தை கேளுங்கள்.