மடிப்புக் கலையாத சேட்

கொட்டாஞ்சேனைப் பெண்களுக்கு றோஸியை நல்ல தையல்காரியாகத் தெரியும். நல்ல துணியைக் கெடுப்பதிலும் அவள் கெட்டிக்காரி என்பது சினிமாக்காரர்களுக்கு மட்டுந்தான் தெரியும்.

கடையில் வாங்கிய புதுச் சேட் ஒன்றைக் கொடுத்தால் போதும். பால் விடாத பிளேன்டீயில் ஊறவைப்பாள், கழுத்துப் பட்டியைச் சேண்ட் பேப்பரால் தேய்ப்பாள், கரித்தூளும் சீமெந்துத் தூளும் தூவி ஓர் உதறு உதறுவாள். அரை மணித்தியாலத்தில் அது பத்து வருடம் வெயிலிலும் மழையிலும் உழைத்த சேட் ஆகிவிடும். கருகிய துணி வேண்டுமென்றால் ஒரு மெழுகுதிரி. கடல் பொங்கி வந்த படத்துக்கு முப்பது சேலைகளை உப்புத் தண்ணீரில் நனைத்து மொட்டை மாடியில் காயப்போட்டிருக்கிறாள். குண்டு வெடித்த படம், ஷெல் விழுந்த படம், மண் சரிந்து தோட்டத்து லயம் புதைந்த படம் என்று ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவளுடைய கைக்குள்ளால் போகாத அழிவு இல்லை.

அந்தப் படங்களில் வருகிற கெட்டவர்களுக்கும் அவள்தான் உடுப்புத் தயார் பண்ணினாள். எல்லா டிரெக்டர்களும் ஒன்றையேதான் கேட்டார்கள். அழுக்காக இருக்க வேண்டும், கிழிந்திருக்க வேண்டும், பார்த்தவுடன் குலை நடுங்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக றோஸி வாய் திறக்காமல் அழுக்காக்கிக் கொடுத்தாள். பிரதீஸின் படம் வரும்வரைக்கும்.

பிரதீஸுக்கு முப்பத்தொரு வயது. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையின் மூன்றாம் மாடி பிளாட்டில்தான் அவனுடைய ஒபீஸ். தமிழர் வீடுகள் எரிந்த எண்பத்து மூன்று ஜூலையைப் பற்றி அரை மணித்தியாலப் படம் எடுக்கிறான். கதை சின்னது. ஒரு வீடு, ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். கையில் பெயர்ப் பட்டியலோடு ஒருவன் வந்து கதவைத் தட்டுகிறான். தாய் திறக்கிறாள். அவன் போன பிறகு மற்றவர்கள் வருகிறார்கள்.

தாயாக நடிக்கிற ரதிக்கு ஒத்திகையின் முதல் நாளே அந்த இடத்தில் இடறியது.

"அண்ணா, ஸ்கிரிப்டில இவனுக்குக் கிழிஞ்ச சேட், சிவந்த கண், கையில ரத்தக் கறை எண்டெல்லாம் போட்டிருக்கு. இப்பிடி ஒருத்தன் வந்து நிண்டா நான் ஏன் கதவத் திறக்கிறன்? எனக்கென்ன விசரா?"

"பயத்தில திறக்கிறீங்கள்," என்றான் பிரதீஸ்.

"பயம் எண்டா பூட்டுவன். கதிரையையும் இழுத்து வைப்பன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். ரதியின் முதுகுப் பக்கம் முழங்காலில் நின்று ரவிக்கைக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்த றோஸி சிரிக்கவில்லை. வாயில் குண்டூசிகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி முடித்துவிட்டு எழும்பிப் போனாள்.

ஏனென்றால் அந்தக் கதவைத் திறந்தவள் அவளுடைய அம்மா.

அப்போது றோஸிக்குப் பத்து வயது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தார்கள். அப்பா மரியதாஸ் துறைமுகத்தில் கிளார்க். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போய்விட்டார். வீதியில் ஏதோ பிரச்சினை என்று ரேடியோவைக் கேட்டவர்கள் கதைத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் பெல் அடித்தது. அம்மா ஜன்னலால் பார்த்தாள். வெள்ளைச் சேட். சேட் கையில் கத்தி போல நின்ற அயன் மடிப்பு. பொக்கட்டில் பேனை, கையில் பைல். அரசாங்கத்திலிருந்து வாக்காளர் இடாப்புப் பார்க்க வந்தவர் என்று நினைத்தாள். சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தாள்.

அவர் மரியாதையாகக் கேட்டார். வீட்டில் எத்தனை பேர், கணவரின் பெயர் என்ன, எங்கே வேலை, எத்தனை மணிக்கு வருவார். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். றோஸி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதியைக் குடித்துவிட்டுக் கிளாஸை அவளுடைய கையிலேயே திருப்பித் தந்து, ஸ்துதி என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அரை மணித்தியாலத்தில் ஒழுங்கையில் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுச் சோமாவதி மதிலுக்கு மேலால் அம்மாவையும் றோஸியையும் இழுத்தாள். கழிவுக் கான் தண்ணீர் தன் முற்றத்துக்கு வருகிறதென்று அம்மாவோடு இரண்டு வருடமாகச் சண்டை பிடித்தவள். பை தூக்கினால் ஓட முடியாது என்று, உடுத்தியிருந்ததற்கு மேல் இன்னும் இரண்டு சட்டைகளை அம்மா றோஸிக்கு மாட்டிவிட்டிருந்தாள். மூன்று சட்டையோடு ஜூலை வெயிலில் சோமாவதியின் கட்டிலுக்கு அடியில் இரண்டு நாள். "இருமினால் நானே பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று சிங்களத்தில் உறுக்கிக்கொண்டே சோறு தள்ளிவிட்டாள் சோமாவதி. இரண்டாம் நாளும் அந்தக் கானைப் பற்றி ஒருதரம் ஏசினாள்.

அப்பா துறைமுகத்திலிருந்து நடந்து வந்தார். ஒழுங்கை முனை வரைக்கும் வந்தார் என்று பிறகு சொன்னார்கள். அங்கே நின்றவர்களுக்கு அவருடைய பெயர் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு அம்மா முப்பத்தொரு வருடம் இருந்தாள். செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் யாராவது ஒருவர் கேட்டார்கள், நீ ஏன் கதவைத் திறந்தாய் என்று. டீவியில் கலவரப் படம் ஏதாவது போனால் பெரியம்மா திரையைக் காட்டி, "இப்பிடி வந்தவனுக்கா பிலோமினா நீ தண்ணி குடுத்த?" என்பாள். திரையில் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு வாளைத் தூக்கியிருப்பான். அம்மா, அடுப்பில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் எழும்பிக் குசினிக்குள் போவாள்.

இதையெல்லாம் றோஸி பிரதீஸிடம் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லை. பிள்ளைக்கு மூன்று சட்டை போடுகிற விசயத்தை மட்டும், கேள்விப்பட்டது என்று சொன்னாள். அவன் துள்ளி எழும்பிவிட்டான்.

"அன்ரி, இது வேற எந்தப் படத்திலயும் வரேல்ல. இதை வைப்பம்." போனில் எழுதிக்கொண்டான்.

அந்தத் தைரியத்தில் றோஸி அடுத்ததையும் சொன்னாள். "தம்பி, பட்டியல் கொண்டுவாற ஆளுக்கு நல்ல சேட் ஒண்டு போடுவம். அயன் பண்ணினது."

பிரதீஸ் போனிலிருந்து கண்ணை எடுத்தான். "அது சரிவராது அன்ரி. பாக்கிறவனுக்கு முதல் செக்கன்லயே விளங்க வேணும், இவன் கெட்டவன் எண்டு."

"திறந்தவவுக்கு விளங்கல்லயே தம்பி."

"அது கதை. இது படம். நல்ல சேட்டைப் போட்டு விட்டா, பார் அவனை நல்லவனாக் காட்டுறான் எண்டு என்னைத்தான் கிழிப்பாங்கள். நீங்கள் ஊத்தையாக்குங்கோ. அதில உங்களை அடிக்க ஆள் இல்லையெண்டுதானே கூப்பிட்டனான்."

றோஸி பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் மடியிலிருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டு வந்தாள். பிரதீஸ் கேட்டபடி செய்தால், படம் பார்க்கிற ஒவ்வொருவரும் பெரியம்மா மாதிரித்தான் கேட்பார்கள். அதற்குத் துணைபோவது தன் கை. இந்தத் தடவை அந்தக் கை போகாது என்பது ஆமர் வீதிச் சந்தியில் பஸ் நின்றபோது அவளுக்குத் தெளிவாகிவிட்டது.

சின்னப் படங்களில் கூட்டத்தில் நடிக்க வருகிறவர்கள் தங்கள் உடுப்பைத் தாங்களே கொண்டுவருவதுதான் வழக்கம். ஆட்களுக்குப் போன் எடுத்து என்ன கொண்டுவர வேண்டுமென்று சொல்வது றோஸியின் வேலை. எப்போதும், கழிக்கப்போகிற பழைய சேட்டாகக் கொண்டுவாருங்கள் என்பாள். இந்தத் தடவை பதினான்கு பேருக்கும் ஒன்றையே சொன்னாள். வீட்டில் இருக்கிறதிலேயே நல்ல சேட்டைக் கொண்டுவாருங்கள். கோயிலுக்கு, பௌத்த பன்சலைக்கு, பள்ளிவாசலுக்கு, கலியாணத்துக்குப் போடுகிறது எதுவோ அது.

படப்பிடிப்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய ஒழுங்கையில். வெள்ளவத்தையில் இப்போது அப்படிப்பட்ட வீடுகள் இல்லை. பொலிஸ் அனுமதி பகல் பன்னிரண்டு மணி வரைக்கும். றோஸி ஆறரைக்கே வந்து, அந்த வீட்டு முன்னறையில் மேசை போட்டு அயனைச் செருகினாள். எட்டு மணிக்குப் பிரதீஸ் வந்தபோது ஒழுங்கையில் பதினான்கு ஆண்கள் பெருநாளுக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள்.

"என்ன இது?" என்றான். சத்தம் போடவில்லை. "இவங்களுக்குக் கரி பூசுங்கோ."

மாநகர சபையில் வேலை செய்கிற சங்கிலி இரண்டு அடி பின்னால் போனார். "தம்பி, இது மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டைங்க. கரி கிரி பட்டுச்சுன்னா எம் பொஞ்சாதி என்னைய வீட்டுக்குள்ள சேக்கமாட்டா. அப்புறம் ஒங்க வீட்லதான் வந்து படுக்கணும்."

பட்டியல்காரனாக நடிக்கவிருந்த பிறெடியும் நெஞ்சில் கையை வைத்து மறைத்துக்கொண்டார். துறைமுகத்தில் வேலை செய்கிற, சாதுவான மனிதர். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு என்பதால்தான் அவருக்கு அந்த வேடம். "மன்னியுங்க தம்பி, இது அந்தோனியார் பெருநாளுக்குத் தைச்சது. றோஸி அக்காதான் தைச்சவ."

பிரதீஸ் றோஸியைப் பார்த்தான். "நீங்களா சொன்னனீங்கள்?"

"ஓம் தம்பி. நான்தான் கோல் எடுத்தன்."

"நான் வேண்டாமெண்டு சொன்ன பிறகு."

"ஓம்."

"பன்னிரண்டு மணிக்கு ரோட்டை விட வேணும் எண்டு தெரியுந்தானே? இதுக்குப் பிறகு உங்களை நான் எப்பிடி வேலைக்குக் கூப்பிடுறது?"

"கூப்பிட வேணாம். வேற ஆள் பாருங்க. ஆனா இண்டைக்கு நான் ஒருத்தருக்கும் கரி பூசல்ல." அயனை நிமிர்த்தி வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "ரதி அண்டைக்கு ஒரு கேள்வி கேட்டா. உங்களிட்ட பதில் இருக்கல்ல. அந்தக் கதவத் திறந்தது என்ட அம்மா. வந்தவர் அயன் பண்ணின சேட்டோட வந்தவர். நான் தண்ணி குடுத்தனான்."

ஒழுங்கையில் யாரோ இருமினார்கள். பிரதீஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "அன்ரி, சனம் அவனை நல்லவன் எண்டு நினைச்சா?"

"நினைக்கட்டும். அம்மாவும் அப்பிடித்தான் நினைச்சவ. அம்மா நினைச்ச அளவுக்கு ஒரு நிமிசம் அவங்களும் நினைக்கட்டும். பிறகு என்ன நடக்குதெண்டு இருந்து பாக்கட்டும்."

"ஒரு டேக்," என்றான் பிரதீஸ். "சரிவராட்டி வீட்டுக்காரரிட்ட பழைய துணி வாங்கி நானே ஊத்தையாக்குவன்."

அந்த ஒரு டேக்குக்கு அவன் கதவில் கமெராவை வைத்தான். பிறெடி படியேறி வந்து பெல்லை அடித்தார். ரதி ஜன்னலால் பார்த்தாள். ஒத்திகையில் ஒவ்வொரு நாளும் தடுமாறிய அந்த இடத்தில், இன்று யாரும் சொல்லாமலே சேலையின் முன்மடிப்பைத் தடவிச் சரிசெய்தாள். நேரே போய்க் கதவைத் திறந்தாள். வந்தவர் உள்ளே வர வசதியாக ஒரு பக்கம் ஒதுங்கியும் நின்றாள்.

"நோனா, கெதர கவ்த இன்னே?" என்றார் பிறெடி. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று, கோயில் வாசலில் சுகம் விசாரிப்பது மாதிரிக் கேட்டார். விரலை நாக்கில் தொட்டுப் பட்டியலைப் புரட்டினார். ரதி புன்னகையோடு கணவனின் பெயரைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். ஒழுங்கை முனையில் மற்றப் பதின்மூன்று பேரும் வேலைக்கு பஸ் பிடிக்க நிற்கிறவர்கள் போல நின்றார்கள். சங்கிலி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரதியின் பின்னால், மூன்று சட்டை போடப்போகிற சிறுமி இன்னும் ஒரு சட்டையோடு நின்றாள்.

பிரதீஸ் கட் சொல்ல மறந்துவிட்டான். கமெராக்காரர்தான் திரும்பிப் பார்த்தார்.

பிறெடி நேரே றோஸியிடம் வந்தார். "அக்கா, வேற ஏதாவது தாங்க. கிழிஞ்சது எண்டாலும் பரவாயில்ல. ஊத்தைச் சேட் எண்டா நான் வேற யாரோ எண்டு நடிச்சிட்டுப் போயிருவன். இதைப் போட்டுத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போறது."

"தெரியும் பிறெடி," என்றாள் றோஸி. "அதுக்குத்தான் கேட்டனான்."

அவர் தலையை ஆட்டினார். சரி என்றா, முடியாது என்றா தெரியவில்லை. ஆனால் போகவில்லை.

பிரதீஸ் திரைக்கு முன்னால் இருந்து அந்த டேக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தான். பழைய துணி கேட்டு யாரையும் வீட்டுக்காரரிடம் அனுப்பவில்லை. நேரம் ஒன்பதரை. எழும்பி முன்னறைக்கு வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அன்ரி," என்றான். "பிறெடி அண்ணையின்ர சேட் கை கசங்கிப்போச்சு. இன்னொரு டேக் போவம். இந்தத் தரம் கிட்ட வைச்சு எடுக்கிறன். அயன் பண்ணித் தாறீங்களா?"

றோஸி கையை நீட்டினாள். பிறெடி பெனியனோடு ஓரமாக நிற்க, சேட்டை மேசையில் விரித்துத் தண்ணீர் தெளித்தாள். கை ஓரத்தைத் தையலோடு தையல் சேர்த்துப் பிடித்து, அயனை ஒரே இழுப்பாக இழுத்தாள். மடிப்பு நிமிர்ந்து நின்றது. பேனையைப் பொக்கட்டில் செருகி அவரிடம் கொடுத்தாள்.

"மேல் பட்டனையும் பூட்டுங்க," என்றாள். "அவர் பூட்டியிருந்தவர்."