ஞாயிறுதோறும் புது ஜெர்ஸி

ஆள் குறைந்த டீமெல்லாம் கூப்பிட, போய் ஆடிக் கொடுத்துவிட்டு வருகிற 'கெஸ்ட் பிளேயர்' பிழைப்பில், இன்று யாருக்காக ஆடுகிறோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் பெரிய வேலை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு ஃபுட்பால் மைதானத்துக்கு ஓடும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! எனக்கு ஒரே ஆசைதான்: ஏதாவது ஒரு கிளப் என்னைச் சம்பளத்துக்கு எடுத்து முழுநேர ஆட்டக்காரனாக்க வேண்டும்.

போன வாரத்து நீலம்

பெருங்களத்தூரில் ஒரு வாரம் நீல ஜெர்ஸியில் ஆடினேன். அடுத்த வாரம் சிவப்பு. எதிரே அதே நீல டீம். எங்கள் கோலுக்கு முன்னால் பந்து என் காலில். பக்கத்தில் நின்ற நீலச் சட்டைக்காரர் "இங்க, இங்க!" என்று கத்தினார். போன வாரப் பழக்கம், கால் தானாகத் தள்ளிவிட்டது. அவர் அழகாகக் கோல் அடித்ததோடு என்னைக் கட்டிப்பிடிக்கவும் செய்தார்! எங்கள் கேப்டன் தலையில் அடித்துக்கொண்டார்: "இன்னா மச்சான், ஜெர்ஸிய மாத்தினியே, மனச மாத்தலியா?"

பல்லாவரத்து ஃபீல்டர்

பல்லாவரத்தில் நாங்கள் ஃபுட்பால் ஆடும் அதே மைதானத்தில் மூன்று கிரிக்கெட் மேட்ச். நான் பந்தோடு பறக்கிறேன், கோல்கீப்பர் மட்டும்தான் பாக்கி! வானத்தைப் பார்த்தபடியே பின்னால் வந்த ஒருவர் என் மேல் மோதினார். என் கோலும் போச்சு, அவர் கேட்ச்சும் போச்சு. நான் வாயைத் திறக்குமுன் அவர் எகிறினார்: "பவுண்டரில நின்னுகினு கீறேன், கண்ணு தெர்ல உனக்கு?"

கடைசி நிமிஷ பெனால்டி

தாம்பரத்தில் ஃபைனல். ஒரு கிளப் கோச் ஆள் எடுக்க வந்திருக்கிறார் என்றார்கள். கடைசி நிமிஷம், இரண்டு டீமும் ஆளுக்கொரு கோல், எங்களுக்குப் பெனால்டி. அடிப்பது நான்!

எதிரே கோல்கீப்பர் செல்வம். போன மாதம் முழுக்க நாங்கள் ஒரே டீம். அவனிடம்தான் பெனால்டி அடித்துப் பழகினேன். எனக்கு எப்போதும் இடது மூலைதான் என்பது அவனுக்கு அத்துப்படி. மாற்றலாமா? பயத்தில் யோசனையே ஓடவில்லை, பழையபடி இடது பக்கமே அடித்துவிட்டேன். இன்றைக்காவது மாற்றுவேன் என்று நம்பி அவன் எதிர்ப்பக்கம் பாய்ந்திருந்தான். கோல்! தொண்டை கிழியக் கத்தினேன். மண்ணைத் தட்டிக்கொண்டே செல்வம் கேட்டான்: "டேய், ஆள் எடுக்க வந்த அன்னிக்குக்கூடவா மாத்த மாட்ட?"

கையெழுத்து

கோச் ஒப்பந்தத்தை நீட்டியபோது சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. பேனாவைக் கொடுக்குமுன் அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, இனிமே வருஷம் பூரா ஒரே டீம். தாங்குவியா?"

பத்து டீமுக்கு மாறி மாறி ஓடியவனை இப்போது ஒரே டீம் சம்பளம் கொடுத்து, ஆட விடாமல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறதே, அதற்குப் பெயர்தான் முழுநேர ஆட்டக்காரன்!